மத்தேயுவின் அரைப் பேர்

1916ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஹாலிஎலைக்குச் சற்று முன்னால் இருக்கும் வளைவில், மோட்டார் டிரைவர் மத்தேயு பாதி செத்தான். மீதிப் பாதி அடுத்த ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, மத்தியானத்துக்குப் பிறகு தவறாமல் வேலை செய்தது. இதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. வேலையாட்களின் பேர் பதியும் தோட்டத்துச் செக்ரோலில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் கணக்கப்பிள்ளை பாக்கியநாதன். அவர் எழுதியதை அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது என்று வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் பேச்சு.

நமுனுகுல மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கை தூக்கி, மாலை வரைக்கும் நின்று வேலை செய்தவருக்கு முழுப் பேர். மத்தியானத்தோடு மலையை விட்டு இறங்கியவருக்கு அரைப் பேர். காய்ச்சலில் இறங்கினாலும் சரி, பிரசவ வலியில் இறங்கினாலும் சரி, அரைதான். பாக்கியநாதன் கெட்டவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர். செக்ரோலைத் திறந்துவிட்டால் மட்டும் அவருக்குத் தாய் தகப்பன் தெரியாது. மத்தேயு அன்று காலைப் பெரட்டில் கை தூக்கிவிட்டு, ரயிலில் வரும் தோட்டத்துத் துரையைக் காரில் ஏற்றிவரப் பண்டாரவளைக்குப் புறப்பட்டான். வழியில் வண்டி வளைவைத் தாண்டி ஆற்றுக்குள் போனது. பக்கத்துக் கிராமத்தார், தாங்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். எனவே பாக்கியநாதன் அரைப் பேர் போட்டார். அவர் பார்வையில் அது நியாயமான காரியம்தான்.

மத்தேயு முன்பு துரையின் குதிரைக்காரனாக இருந்தவன். 1912இல் கார் வந்து இறங்கியதும் அதற்கு முன்னால் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தான். அந்த வண்டிக்கு உண்மையிலேயே தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததால், இவனுக்கு இயந்திர அறிவு இருக்கிறது என்று துரை முடிவுகட்டி, அவனையே ஓட்டப் பழக்கினார். ஏற்றங்களில் அவன் வண்டியின் கழுத்துப் பக்கத்தைத் தட்டிக் கொடுப்பான். விபத்து நடந்த அன்று, சோறு கட்டித் தரவா என்று மனைவி செபஸ்தியம்மா கேட்டதற்கு, “வேணாம், வந்து சாப்பிடுறேன், மூடி வை” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் மூடி வைத்தாள். ஆற்றில் வெள்ளம். தொப்பி மட்டும் கிடைத்தது. வண்டி பாறையின்மேல் தலைகீழாகக் கிடந்தது. துரை பண்டாரவளை ஸ்டேஷனில் நான்கு மணி நேரம் காத்திருந்ததைப் பற்றிப் பிறகு பலரிடமும் குறைப்பட்டுக்கொண்டார்.

பங்குச் சாமியார் நல்ல மனுஷர்தான். ஆனாலும் உடலும் இல்லாமல், செக்ரோலிலும் பாதி உயிரோடு இருக்கிறவனை எப்படி அடக்கம் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. செபஸ்தியம்மா தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கணக்கப்பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மிச்ச அரைப் பேரையும் போட்டுடுங்கய்யா. ஆளு போயிட்டாரு.”

“பெரட்டுக்கு வராம எப்புடிம்மா பேரு போடுறது? வரட்டும். வந்து கைய தூக்கட்டும். போடுறேன்” என்றார் பாக்கியநாதன்.

அவளைத் திருப்பி அனுப்புவதற்காக அவர் சொன்ன வார்த்தை அது. அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வண்டியை இரண்டு சோடி மாடுகள் கட்டி இழுத்து, பதுளைக் கடைத்தெருவில் ஜுனைதீனின் தகரக்கடைப் பின்முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சண்டைக் காலம். கப்பல் வராததால் இரும்புச் சட்டியும் வாளியும் கத்தியும் ஊவா முழுவதும் அருமையாகிவிட்டிருந்தன. ஜுனைதீன் அந்த வண்டியை எட்டு மாதத்தில் அக்கக்காகப் பிரித்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிரித்த பாகத்தைக் கொண்டுபோய் மூன்று நாள் தன் வீட்டுக் குசினியில் வைத்துவிடுவார். ஒன்றும் சொல்லமாட்டார். அவர் மனைவி ஸித்தி ஸுபைதா அதைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, கைக்கு வந்தபடி எதற்காவது பயன்படுத்துவாள். அவள் எதற்குப் பயன்படுத்துகிறாளோ அதுவாகவே அந்தப் பாகத்தை அடித்து, ராவி, பற்றவைத்து முடிப்பார். வண்டிச் சில்லின் பித்தளை மூடியில் அவள் அரிசி அளந்தாள். அது அரிசிச் சுண்டு ஆனது. ஹார்னின் வாயால் மண்ணெண்ணெய் ஊற்றினாள். அது புனல் ஆனது. பிஸ்டனைக் கவிழ்த்துப் போட்டு இஞ்சி இடித்தாள். அது உரல் ஆனது, அதை ஆட்டும் தண்டே உலக்கை ஆனது. மட்காட்டில் மழைத் தண்ணீர் பிடித்தாள். நான்கும் கூரைத் தவாளிகள் ஆயின. வில் தகடுகள் மட்டும் அவளைக் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல எஃகைப் பார்த்ததும் ஜுனைதீன் பொறுக்கமாட்டாமல் கவ்வாத்துக் கத்திகளாக அடித்துவிட்டார். தேயிலைச் செடியை அரைமட்டத்துக்கு வெட்ட அதைவிட நல்ல கத்தி அந்தப் பக்கத்தில் கிடையாது. தண்ணீரைக் குளிரவைக்கும் பித்தளைப் பெட்டி வெந்நீர்ப் பானையாகவும், மேல்படங்கு கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் மழைப்படங்குகளாகவும் மாறின. வண்டியைத் திருப்பும் சுக்கான் வளையத்தைக் கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு ஸித்தி ஸுபைதா தன் கடைசிப் பிள்ளையின் துணித்தொட்டிலை அதில் முடிந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று சாமான்கள். வெள்ளைப்பாறை ஆட்களே பெரும்பாலானதை வாங்கினார்கள், நம்ம மத்தேயு வண்டியாச்சே என்று. இவை போக மிஞ்சியது பிரேக் மிதி. கதவு ஆடாமல் தடுக்க ஆகும் என்று சொல்லி, ஜுனைதீன் அதைச் செபஸ்தியம்மாவுக்குச் சும்மா கொடுத்துவிட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சாமான்கள் சூடாவதை முதலில் கவனித்தது கவ்வாத்துக்காரர்கள். காலையில் மற்றக் கத்திகளைப் போலவே கிடக்கும். பன்னிரண்டு மணி தாண்டியதும் பிடியில் ஒரு சின்ன உதறல் எடுக்கும், பிறகு கையால் பிடித்தால் போதும், கத்தி தானாகப் போகும். வெந்நீர்ப் பானையில் ஊற்றிய தண்ணீர் விறகில்லாமல் கொதித்தது. இஞ்சி உரலில் உலக்கை தானே ஏறி இறங்கியது. படங்கு கட்டிய பெண்களுக்கு மாலை மழையில் குளிர் தெரியவில்லை. இடுப்பைச் சுற்றிப் பெட்ரோலும் சுருட்டும் கலந்த ஒரு வாடை மட்டும் வரும், அது மத்தேயுவின் வாடை என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் முதல் வாரம் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது. செக்ரோலில் மிச்சமிருக்கும் அரை நாளை அவன் வேலை செய்து கழிக்கிறான், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றார்கள். துரை கொழும்புக்கு எழுதிய அறிக்கையில், பிற்பகல்களில் தொழிலாளரின் சுறுசுறுப்பு கூடியிருக்கிறது, தட்பவெப்பம் காரணமாக இருக்கலாம் என்று குறிப்பிட்டார். அடுத்த வருஷம் கவ்வாத்துக்கு ஆட்களைக் குறைத்தார்.

லயத்து வரிசை வீடுகளில் செபஸ்தியம்மாவின் காம்பராவில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. கதவோரம் கிடந்த பிரேக் மிதி பகல் முழுவதும் சும்மா இருக்கும். மாலை ஆறு மணிக்கு, லயத்து வாசலில் வண்டி வந்து நிற்பதுபோல, மெல்ல அமுங்கும். கொஞ்ச நேரம் அமுங்கியபடியே இருக்கும். பிறகு எழும்பிவிடும். வண்டி வந்து நிற்கிறது, ஆள் இறங்குவதில்லை. முதல் வருஷங்களில் இதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. மிதிக்குப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாள் அந்தச் சோற்றைக் கோழிக்குப் போடுவாள். பதினெட்டாம் ஆண்டுக் கடைசியில் விஷக்காய்ச்சல் வந்து லயத்துக்கு லயம் ஆட்களை வாரிக்கொண்டு போனபோது, தன் வீட்டுக்கு மட்டும் தினமும் ஒருத்தர் திரும்பி வருகிறாரே என்று அவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டதும் உண்டு. அதற்காகப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

இருபத்திரண்டாம் ஆண்டு வாக்கில் சாமான்கள் தளரத் தொடங்கின. பானைத் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. உலக்கை இடையிடையே நின்று மூச்சு வாங்கியது. கத்திகளின் உதறல் கூடி, வெட்டு கோணிப் போனது. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் செபஸ்தியம்மா கூடையோடு நிற்கும்போது, கவ்வாத்துக்காரன் ஒருவன் கத்தியை ஓங்கித் தரையில் போட்டான்.

“மத்தேயு இப்பல்லாம் வேலைல ரொம்ப சுணங்குறான்” என்றான்.

கூட நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அவனுக்கு மனசில் ஒன்றுமில்லை; பக்கத்து நிரையில் வெட்டுகிறவனைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். செபஸ்தியம்மாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. காலையில் வெறும் தேத்தண்ணியோடு போன மனுஷன். வந்து சாப்பிடுகிறேன் என்றவன். ஆறு வருஷமாக மத்தியானச் சோறு இல்லாமல், நாற்பது வீட்டு வேலையை ஒரே ஆளாகச் செய்துகொண்டிருக்கிறான், செத்தும் சோம்பேறி என்ற பேச்சையும் கேட்கிறான். இதை இத்தனை நாள் தான் நினைக்காமல் போனதை எண்ணி அவள் கூடையைத் தலையில் வைத்தபடியே அழுதாள்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் பதுளைக்கு நடந்து போய் ஜுனைதீனின் கடையில் நின்றாள்.

“நானா, அந்தக் கார்ல எதெது யார்யாருக்குப் போச்சுன்னு நெனவு இருக்குங்களா?”

“செஞ்ச எனக்கு மறக்குமா, தங்கச்சி? என்னத்துக்குக் கேக்கிறீங்க?”

“அவர பெரட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். வந்தா பேரு போடுறேன்னு கணக்கப்புள்ள ஐயா சொல்லியிருக்காரு.”

ஜுனைதீன் ராவிக்கொண்டிருந்த அரத்தைக் கீழே வைத்தார். நாற்பத்து மூன்றையும் விரல் விட்டுச் சொன்னார். எழுதத் தெரியாத செபஸ்தியம்மா ஒவ்வொன்றுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஸித்தி ஸுபைதா, தன் குசினியில் இருந்த அரிசிச் சுண்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சுண்டில் அளந்தால் எப்போதும் ஒரு பிடி கூடுதலாக வரும், நோன்பு காலத்தில் அது பெரிய உதவி.

“பசில ஈக்கிற மனுசன்ட கையால நாங்க அரிசி அளந்திருக்கோம், புள்ள” என்றாள். “கொண்டு போங்க.”

தோட்டத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை. செபஸ்தியம்மா வீடு வீடாகப் போனாள். அரைப் பேர் முழுப் பேரானால் சாமான்கள் எல்லாம் வெறும் சாமான்களாகிவிடும் என்பது எல்லாருக்கும் விளங்கியது. வெந்நீர்ப் பானைக்காரி விறகு கிடைக்கிற கஷ்டத்தைச் சொன்னாள். கவ்வாத்துக்காரர்கள் ஆள் குறைந்ததைச் சொன்னார்கள், அதுவும் பொய்யில்லை. செபஸ்தியம்மா யாரோடும் வாதாடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: “அவரு இன்னும் சாப்புடலங்க.” சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். அந்த வார்த்தை வீட்டுக்குள் தங்கிவிட்டது. அன்று மாலை வெந்நீர்ப் பானைக்காரிக்குக் குளிக்கப் பிடிக்கவில்லை. கத்தியைத் தரையில் போட்டவன்தான் முதல் ஆளாகக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வாரத்தில் முந்தானையில் ஒரு முடிச்சுத் தவிர மற்றதெல்லாம் அவிழ்ந்துவிட்டது.

அந்த ஒரு முடிச்சு, மேட்டு லயத்து பிரான்சிஸ்கா வீட்டுச் சுக்கான் வளையம். பிரான்சிஸ்காவுக்கு விஷக்காய்ச்சலில் இரண்டு பிள்ளைகள் போயின. மூன்றாவது இப்போது ஏழு மாதக் குறைப்பிரசவத்தில் பிறந்திருந்தது. அரிசிச் சுண்டுக்குள் படுக்க வைக்கலாம் போல இருந்தது. ஜுனைதீன் வீட்டில் பிள்ளை வளர்ந்து வளையம் சும்மா இருந்ததைக் கேட்டு வாங்கி வந்து தொட்டில் கட்டியிருந்தாள். மத்தேயுவுக்காகப் பின்னேரப் பெரட்டு வைக்கக் கணக்கப்பிள்ளை ஒத்துக்கொண்ட நாள், மத்தியானம் தாண்டியதும் செபஸ்தியம்மா அந்தக் காம்பராவுக்குப் போனபோது பிரான்சிஸ்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“தரமாட்டேன்னு சொல்லலக்கா. உங்க புருஷன் கையி. ஆனா நீங்களே அவுத்துக்கிட்டுப் போங்க” என்றாள்.

செபஸ்தியம்மா வளையத்தைப் பார்த்தாள். அது தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், பண்டாரவளைப் பாதை எப்படி வளைகிறதோ அப்படி. காலையெல்லாம் தாயின் நெஞ்சுச்சூட்டில் தத்தளித்த பிள்ளையின் மூச்சு, துணிக்குள் இப்போது அதோடு சேர்ந்து போய் வந்தது. வளையம் இடம் திரும்பினால் மூச்சு உள்ளே, வலம் திரும்பினால் வெளியே. அவள் முடிச்சை அவிழ்ப்பதற்காக வளையத்தை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள். பிள்ளையின் மூச்சும் நின்றது. உதடு நீலமாவதற்குள் கையை எடுத்துவிட்டாள். வளையம் திரும்பியது, மூச்சு வந்தது. பிரான்சிஸ்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நடந்ததைப் பார்க்கக்கூட இல்லை. செபஸ்தியம்மா வளையத்தின்மேல் இன்னொரு தடவை கையை வைத்தாள், இந்தத் தடவை பிடிக்காமல். அது சூடாக இருந்தது; அதன் உட்பக்கத்தில் காய்ப்பு இருந்தது. அந்தக் காய்ப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

பெரட்டுக் களத்தில் நாற்பத்து இரண்டு சாமான்களையும் யாரும் சொல்லாமலே வண்டியில் அவையவை இருந்த இடத்தில் வைத்திருந்தார்கள். முன்னால் பானை, அதன் பின்னால் உரல், கீழே கத்திகள் வில்லாக அடுக்கப்பட்டு, நான்கு மூலையில் தவாளிகள். பதுளையிலிருந்து ஜுனைதீனும் வந்திருந்தார். நடுவில் ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. பாக்கியநாதன் 1916ஆம் ஆண்டுச் செக்ரோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். சொன்ன வார்த்தைக்காக வந்திருக்கிறேன் என்பது அவர் முகத்தில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மத்தேயு” என்று கூப்பிட்டார்.

எல்லாச் சாமான்களும் ஒரே நேரத்தில் உதறின. பிறகு, பானைக்கும் உரலுக்கும் இடையிலிருந்து, நெடுந்தூரம் வண்டி ஓட்டி வந்தவனின் கரகரத்த குரல் வந்தது.

“இருக்கேனுங்க.”

பாக்கியநாதன் பேனாவை எடுக்கவில்லை. “கையத் தூக்கு” என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. வட்டம் வெறுமையாகவே இருந்தது. அவர் மறுபடியும் சொன்னார். களத்தில் நின்ற முந்நூறு பேரும் செபஸ்தியம்மாவைப் பார்த்தார்கள். அவள் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கையி வேலைல இருக்குங்கய்யா” என்றாள்.

பாக்கியநாதன் அவளைப் பார்த்தார், மேட்டு லயத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் கை தூக்காத ஒருவனுக்கு அவர் பேர் போட்டதில்லை. பிறகு குனிந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து, மத்தேயுவின் அரைப் பேரை முழுப் பேராக்கினார். பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் ‘கைகள் வேலையில்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கத்திகளின் உதறல் அடங்கியது. பானை ஆறிச் சுருங்கும் சத்தம் ஒரு தடவை கேட்டது. அவ்வளவுதான்.

அன்று மாலை ஆறு மணிக்கு மிதி அமுங்கவில்லை. மறுநாள் சாமியார் அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, முழு ஜெபமும் சொல்லி அடக்கம் செய்தார். கல்லறைப் புத்தகத்தில் ‘மத்தேயு, வயது முப்பத்து நான்கு, இரண்டு கைகள் நீங்கலாக’ என்று பதிந்தார். தாலியைக் கழற்றுவதா என்று செபஸ்தியம்மா கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, கட்டியது கைதானே, இருக்கட்டும் என்றார். சாமான்கள் எல்லாம் வீடுகளுக்குத் திரும்பிப் போய், விறகு கேட்டன, சாணை கேட்டன. கவ்வாத்துக்காரர்கள் தோள்வலியோடு படுத்தார்கள். பிரான்சிஸ்காவின் பிள்ளை பிழைத்து நடந்து, ஒன்றரை வயதில் தொட்டிலை விட்டு இறங்கியது. அந்த வளையம் அதற்குப் பிறகு குறைமாதப் பிள்ளை பிறக்கும் வீடுகளுக்கெல்லாம் போனது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்து கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

வளையம் போகும் வீட்டுக்கு மாலையில் செபஸ்தியம்மாவும் ஒரு சொம்புத் தண்ணீரோடு போவாள். ஆறு மணிக்கு அது ஓய்ந்ததும், தூங்கும் பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரை வளையத்தின்மேல் சுற்றி மெதுவாக ஊற்றுவாள், வேலைவிட்டு வந்தவனுக்குச் சோற்றுக்கு முன்னால் கை கழுவ ஊற்றுவதுபோல. தண்ணீர் எண்ணெய் மினுங்கக் கறுப்பாகத் தரையில் விழும். தெளிய வேண்டுமென்று சொம்பு தீரும்வரை ஊற்றுவாள்; ஒரு நாளும் தெளிந்ததில்லை. அவள் போன பிறகு பிள்ளைக்காரிகள் ஒரு பழந்துணியை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டு, விளக்கேற்றுவார்கள்.